பந்தல் வலி

ஓடைப்பட்டி ராஜாத்தியின் கருமாதிக்கு வந்தவர்கள் எல்லாரும் அவளுடைய திராட்சைப் பந்தலைப் பற்றித்தான் பேசினார்கள். கணவன் சின்னக்கருப்பு போன பிறகு ஒற்றை ஆளாக நின்று நடத்தியது, சாய்ந்த கல்தூணைத் தானே கயிறு கட்டி நிமிர்த்தியது, மருந்தடிக்க வந்தவன் அளவுக்கு மேல் ஊற்றியபோது டப்பாவைப் பிடுங்கிக்கொண்டது. எல்லாம் உண்மை. ஆனால் அவள் மிகவும் பயந்த நாள் பந்தலில் கழியவில்லை. மலை மேலே, வெள்ளைக்காரத் துரை கட்டிய பங்களாவில், உடம்பெல்லாம் எண்ணெயோடு கழிந்தது.

பந்தல் வேலை அண்ணாந்து செய்கிற வேலை. கொடி தலைக்கு மேலே கம்பியில் படர்ந்து கிடக்கும். கவாத்து வெட்டுவதானாலும், குலையில் பொடிக்காய் கழிப்பதானாலும், காலையில் தூக்கிய கை மதியம்தான் கீழே இறங்கும். தோளும் கழுத்தும் கடுக்கும். அதற்குப் பந்தல் வலி என்று பெயர். அந்த வலிக்கு அந்தப் பக்கத்தில் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைத் தேய்த்து வெந்நீர் ஊற்றிவிட்டு, மறுநாள் மறுபடி கையைத் தூக்குவார்கள்.

மாசிக் கவாத்து வெட்டிலிருந்து ராஜாத்திக்கு இடது கையில் வலி. தோளில் தொடங்கிச் சுண்டுவிரல் வரை இறங்கியது. எண்ணெய்க்கு மசியவில்லை. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் அவளுடைய வாய்தான்.

மகன் செல்லப்பாண்டி லோயர் கேம்ப் பவர் ஹவுஸில் மின் பராமரிப்பு வேலையில் இருந்தான். அப்பா இறந்ததிலிருந்து அவனுக்கு ஒரே பாட்டு: "பந்தலக் குத்தகைக்கு விட்டுட்டு என்கூட குவார்ட்டர்ஸ்ல வந்து இரும்மா." கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய் ஒரு நாள் ராஜாத்தி சொல்லிவிட்டாள்: "என்னைக்கு என் கை மேல போகலயோ அன்னைக்கு வர்றேன். அதுவரைக்கும் இந்தப் பேச்சே எடுக்காத."

அவன் எடுக்கவில்லை. சொன்ன சொல்லை அப்படியே பிடித்துக்கொள்கிற ஆள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் "கை எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்பான். "நல்லாருக்கு" என்று ராஜாத்தி வலது கையைத் தூக்கிக் காட்டுவாள்.

ஆடி பிறந்தது. அடுத்த வெட்டு நெருங்கியது. வெட்டில் இரண்டு கையும் வேண்டும்; ஒன்று கொடியை வளைத்துப் பிடிக்க, ஒன்று கத்தரிக்க. அவள் பந்தலில் எப்போதும் கூட நிற்பவர்கள் இரண்டு பேர். ஒருத்தி ராயப்பன்பட்டியில் பிறந்த வியாகுலமேரி, இன்னொருத்தி சொந்தத்தில் மதினி முறையான பவுனு. ஒருத்தி தோட்டத்தில் வேலை என்றால் மற்ற இரண்டு பேரும் கூலி பேசாமல் வந்துவிடுவார்கள். அந்த நான்கு கண்களுக்கு முன்னால் இடது கையை எப்படி மறைப்பது என்பதே ராஜாத்தியின் கவலையாக இருந்தது.

அந்தச் சமயத்தில் வியாகுலமேரி ஒரு செய்தி கொண்டுவந்தாள். அவள் மகள் பெனிஷா, சின்னமனூரிலிருந்து ஏறுகிற மலையில், பழைய தேயிலைத் துரை பங்களாவை ஓட்டலாக்கிய இடத்தில் வரவேற்பில் வேலை பார்த்தாள். சாரல் காலத்தில் அறைகள் காலியாகக் கிடந்தன. மூன்று பேரையும் வரச் சொல்லியிருந்தாள்.

"அங்கன எண்ணெ போட்டுத் தேய்க்கிறாகளாம். தேய்க்கிறது கேரளாக்காரச் சேச்சி. நாள்பட்ட வலியெல்லாம் சிக்கெடுத்தாப்ல எடுத்துருவாகளாம்" என்றாள் வியாகுலமேரி.

"துணிய அவுத்துட்டுல்ல படுக்கணும்?" என்றாள் பவுனு.

"உன்னய ஆரு பாக்கப் போறா? பாத்தவுகளுக்குத்தான் பெறகு வைத்தியம் பாக்கணும்."

ராஜாத்தி சிரிக்கவில்லை. "போவோம்" என்றாள். அத்தனை சீக்கிரம் அவள் எதற்கும் தலையாட்டியதில்லை. இருவரும் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

பங்களா மேகத்துக்குள் நின்றது. கீழே பெரிய கூடம், கணப்பு அடுப்பு, சுவரில் மான் கொம்பு. அறைகள் மாடியில். எண்ணெய்த் தேய்ப்பு பின்பக்கம், முன்பு குதிரை கட்டிய இடத்தில். மாடிக்குத் தேக்குப் படி, அகலமாக, செங்குத்தாக, நடுவில் ஒரு திருப்பம். திருப்பத்தில் ஒரு பெரிய சன்னல். அங்கேதான் போனில் சிக்னல் கிடைக்கும் என்று பெனிஷா சொல்லிவைத்தாள்.

"கூரையப் பாருடி. இம்புட்டு ஒசரம் எதுக்கு? தொரை என்ன பனமரமா?" என்று பவுனு அண்ணாந்தாள்.

பையைத் தூக்கிக்கொண்டு படியேறிய ராஜாத்திக்குத் திருப்பத்தில் கை பிடித்துக்கொண்டது. தோளிலிருந்து விரல் வரை யாரோ ஈரத்துணியை முறுக்குவது போல. அவள் நின்று சன்னலுக்கு வெளியே பார்ப்பது போல் பார்த்தாள். வெளியே மேகத்தைத் தவிர ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் வலி விட்டது. பை கனம் என்று சொல்லிக்கொண்டாள்.

தேய்ப்பு அறைக்கு இறங்கிப் போனார்கள். சால்வையை எடுக்க மறந்து அவள் மட்டும் திரும்ப ஏறினாள். கையில் பை இல்லை. திருப்பத்தில் மறுபடி பிடித்தது.

"பிரஷர் உண்டோ? ஷுகர்?" என்று சேச்சி கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல" என்றாள் ராஜாத்தி. பார்த்தால்தானே தெரியும், இருக்கிறதா இல்லையா என்று.

மரப்பலகையில் படுத்தாள். சின்னக்கருப்புக்குப் பிறகு அவள் முதுகை யாரும் தொட்டதில்லை. வெதுவெதுவென்று எண்ணெய் விழுந்தது. பக்கத்துத் தடுப்பில் பவுனு கூச்சத்தில் கெக்கலித்தாள். ராஜாத்திக்கு வேறொன்றும் காதில் விழவில்லை. இடது தோளில் அந்தக் கை இறங்கும்போது கத்திவிடுவோமோ, கத்தினால் இவர்களுக்குத் தெரிந்துவிடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். சேச்சி தோளை அமுக்கினாள், பிசைந்தாள். வலிக்கவில்லை.

"கை ஒண்ணு மேல தூக்கிக்கே."

தூக்கினாள். கை காதை ஒட்டி நேராகப் போனது. கம்பியைத் தொடும் உயரம், அதற்கும் மேலே. வலியே இல்லை. இறக்கி மறுபடி தூக்கினாள். ராஜாத்தி பலகையில் படுத்தபடியே சிரித்தாள்.

பிறகு ஆவிப் பெட்டியில் உட்கார வைத்தார்கள். தலை மட்டும் வெளியே. உள்ளே கொதித்தது. நெஞ்சின் மேல் திராட்சைக் கூடையை ஏற்றி வைத்ததுபோல் பாரமாக இருந்தது. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டாள். வெளியே வந்த பிறகும் வேர்வை நிற்கவில்லை. மலைக்காற்றில் மற்ற இருவருக்கும் உடம்பு உலர்ந்துவிட்டது. இவளுக்கு நெற்றியில் ஊறிக்கொண்டே இருந்தது. தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்த வேர்வை.

"கையப் பாருங்கடி!" என்று கூடத்தின் நடுவில் நின்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். மாதக்கணக்காக இடது கையைத் தூக்காமல் மறைத்தவள் அவள் என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது.

"அடிப்பாவி, இத்தன நாளா வலியோடயா நின்ன?" என்றாள் வியாகுலமேரி.

"இப்ப இல்லல்ல. விடு."

சாப்பிடுவதற்கு முன் சேலை மாற்ற மாடிக்கு ஏறினார்கள். அவர்கள் இருவரும் முன்னால். திருப்பம் வந்தது. வலி வந்தது. இந்த முறை தாடை வரை.

ராஜாத்தி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள். கை தொங்கிக்கொண்டிருந்தது. தொங்குகிற கை ஏன் வலிக்க வேண்டும்? அங்கேயே அதை மேலே தூக்கினாள். வலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இறக்கினாள். அப்படியேதான் இருந்தது. அசையாமல் நின்றாள். மெல்ல விட்டது. நாலு படி இறங்கி மறுபடி ஏறினாள், வேண்டுமென்றே. திரும்ப வந்தது.

பந்தல் வலி அவளுக்குப் புதிதில்லை. கையைத் தூக்கினால் கொல்லும், தொங்கப் போட்டால் அடங்கும். இது நேர்மாறு. யோசித்துப் பார்த்தாள். மாசியில் கொடி வெட்டும்போது வந்ததா? இல்லை. கூடையைச் சுமந்து வரப்பில் ஏறும்போது வந்தது. மோட்டார் ரூமுக்கு வேகமாக நடந்தபோது வந்தது. கைக்கும் படிக்கும் என்ன சம்பந்தம்? கைக்கும் நடைக்கும் என்ன சம்பந்தம்? வலி கையில் தெரிகிறது, கோளாறு கையில் இல்லை. அப்படியென்றால் எங்கே?

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பிப் பார்த்த பவுனு இறங்கி வந்தாள். "என்ன மதினி, தொரை வீட்டுப் படிய வெலைக்கு வாங்கிட்டியா?" என்றவள், முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். பவுனு வாய் மூடியதைப் பார்த்து ராஜாத்திக்குப் பயம் இன்னும் கூடியது.

வியாகுலமேரி நெற்றியைத் தொட்டாள். "என்னடி, மீன் மாதிரி சில்லுனு இருக்க? பாண்டிக்குப் போனப் போடு."

"வேணாம்."

"ஏன்?"

"சொன்னா பந்தலு போயிரும். கை தூக்கலைன்னா வர்றேன்னு வாக்குக் குடுத்துருக்கேன். கை தூக்குது. நான் எதுக்குச் சொல்லணும்?"

"ஏத்தா, கை தூக்குது சரி. நீ எந்திரிச்சு இந்தப் படிய ஏறு பாப்போம்" என்றாள் வியாகுலமேரி.

ராஜாத்தி மேலே பார்த்தாள். இன்னும் பாதிப் படி இருந்தது. வெட்டு நாளில் விடியுமுன் எழுந்து தோட்டத்துக்கு நடக்க வேண்டும். வரப்பில் விழுந்தால் யார் வந்து பார்ப்பார்கள்? பந்தலுக்கு அடியில் விழுந்தால் மேலே இலைதான் தெரியும். ஞாயிற்றுக்கிழமைதான் அவன் வருவான். வந்து, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே வரிசை வரிசையாகக் குனிந்து தேடுவான்.

அந்தக் கடைசி நினைப்புதான் அவளை அசைத்தது. போனை எடுத்தாள்.

"என்னம்மா?" பின்னால் எந்திரச் சத்தம்.

"கை தூக்குது சாமி. இடது கையும் நல்லாத் தூக்குது."

"சரி. இதச் சொல்லவா கூப்ட்ட?"

"தூக்குனா வலிக்கல. படி ஏறுனா வலிக்குது. நின்னா விட்டுருது."

எந்திரச் சத்தம் குறைந்தது. அவன் எங்கோ வெளியே நடந்து வந்திருந்தான்.

"தாடை வலிக்குதா?"

"இன்னைக்கு இருக்கு."

"வேர்க்குதா?"

"ம்."

"எப்ப இருந்து?"

"மாசி வெட்டுல இருந்து."

பதில் இல்லை. கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தாள். ஆகவில்லை.

"உக்காந்துருக்கியா?" என்றான்.

"படியில."

"எந்திரிக்காத. ஒரு படி ஏறவும் வேணாம், எறங்கவும் வேணாம். போன பெனிஷாட்ட குடு."

பவுனு ஓடிப்போய்க் கூட்டிவந்த பெனிஷாவிடம், பவர் ஹவுஸ் முதலுதவிப் பயிற்சியில் கற்றதை அவன் சுருக்கமாகச் சொன்னான். முதலுதவிப் பெட்டியில் ஆஸ்பிரின் இருந்தால் மென்று தின்னக் கொடு. ஓட்டல் ஜீப்பை வாசலுக்குக் கொண்டுவா. நான் வரும்வரை காத்திருக்காதே, இறக்கு. அடிவாரத்தில் ஆம்புலன்ஸோடு நிற்கிறேன்.

ஒரு பிரம்பு நாற்காலியைப் படிக்குக் கொண்டுவந்தார்கள். முன்னால் ஓட்டல் ஆட்கள் இரண்டு பேர், பின்னால் வியாகுலமேரியும் பவுனும். பழக்கூடை தூக்கிப் பழகிய கைகள், நாற்காலி ஆடவில்லை. ராஜாத்திக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

"கனக்குறியேடி. இத்தன பழத்தையும் நீயேவா தின்ன?" என்றாள் வியாகுலமேரி.

கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் மெதுவாக இறங்கியது. பவுனு அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். சிக்னல் போய்விட்டது. ராஜாத்திக்குச் சாவைவிட அந்தப் பதில் இல்லாத இடைவெளிதான் பெரிதாக இருந்தது. ஏசியிருந்தால் தேவலை. வலது கையைத் தூக்கிக் காட்டிய ஞாயிற்றுக்கிழமைகளை அவன் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருப்பானோ?

அடிவாரத்தில் ஆம்புலன்ஸ் பின்கதவைத் திறந்தபடி நின்றது. செல்லப்பாண்டி வேலை உடுப்போடு நின்றான். ஏசவில்லை. அவளை ஏற்றினார்கள், அவனும் ஏறினான். உள்ளே இருந்த நர்ஸ் நெஞ்சில் வயர் ஒட்ட ஸ்டிக்கரை எடுத்து வைத்தாள். வழுக்கியது. இன்னொன்று வைத்தாள். அதுவும் வழுக்கியது. உடம்பு முழுக்க எண்ணெய்.

"என்ன இது?" என்றாள் நர்ஸ்.

"வலிக்குப் போட்டது" என்றாள் ராஜாத்தி, ரொம்பச் சின்னக் குரலில்.

நர்ஸ் ஸ்பிரிட்டால் துடைத்தாள். பஞ்சு தீர்ந்தது. செல்லப்பாண்டி தோளில் கிடந்த துண்டை எடுத்து, அதில் ஸ்பிரிட்டை ஊற்றி, அம்மாவின் நெஞ்சையும் விலாவையும் துடைக்கத் தொடங்கினான். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் துடைத்தான். அழுத்தித் துடைத்தான். பவர் ஹவுஸில் இணைப்பு கொடுப்பதற்கு முன் முனையைச் சுத்தம் செய்வதும் அப்படித்தான். அழுக்கு இருந்தால் ஓட்டம் வராது.

"வெட்டுக்கு ஆளு சொல்லணும்" என்றாள் ராஜாத்தி கூரையைப் பார்த்துக்கொண்டு.

"மேரியக்கா சொல்லிட்டாக. அவுகளும் பவுனத்தையும் பாத்துக்கிருவாகளாம்."

"பெறகு?"

"பெறகு நீ கீழ நாற்காலி போட்டு உக்காந்து அவுகள வெரட்டு. ராத்திரி என்கூட இரு."

குத்தகை என்ற சொல் அவன் வாயில் வரவில்லை. அவள் காத்திருந்து பார்த்தாள். வரவே இல்லை.

"பேசாம இருங்கம்மா" என்றாள் நர்ஸ்.

இந்தத் தடவை ஸ்டிக்கர் பிடித்தது. ஒன்று, பிறகு அடுத்தது. சின்னத் திரையில் கோடு ஓடத் தொடங்கியது. நேராக இல்லை, ஒழுங்காகவும் இல்லை, ஆனால் ஓடியது. செல்லப்பாண்டிக்கு எத்தனையோ மீட்டரும் வரைபடமும் படிக்கத் தெரியும். இதை மட்டும் படிக்கத் தெரியவில்லை. எண்ணெய்த் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு தேனி ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அந்தக் கோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான்.