வாய் வரை வந்த தண்ணீர்

அந்தக் கம்ப்ரஸர் தொழிற்சாலையில், பட்டறையின் ஒரே பெண் பொறியாளரான அவளை எல்லோரும் ‘சார்’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஆரம்பத்தில் கிண்டல், பிறகு அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான். மகளுக்குக் காய்ச்சல் என்றால்கூட, வண்டி பஞ்சர் என்று சொல்லித்தான் விடுப்பு எடுப்பாள்.

பட்டறையில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. அலுவலகக் கட்டடம் வரை போய்வந்தால் யாராவது கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அதனால் காலைக் காபியோடு சரி, சாயங்காலம் வரை நாக்கை நனைக்கமாட்டாள். சிறுநீர்த் தொற்று வந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததுண்டு. பட்டறையில் அதற்கு முதுகுவலி என்று பெயர்.

அவளுக்குக் கீழே புதிதாக ஒரு பெண் பொறியாளர் சேர்ந்தாள். மனதில் பட்டதைப் பட்டென்று பேசுகிறவள். வாராந்திரக் கூட்டத்தில் எழுந்து, “பட்டறையிலேயே லேடீஸுக்கு ஒரு டாய்லெட் வேணும்,” என்று கேட்டுவிட்டாள்.

மேனேஜர் சிரித்தபடி இவள் பக்கம் திரும்பினார். “என்ன சார், இத்தனை வருஷமா நீங்க கேட்டதே இல்லையே?”

“எனக்கு அது ஒரு பிரச்சனையாவே தெரியல. வேலைன்னு வந்துட்டா சமாளிக்க வேண்டியதுதான்,” என்றாள் இவள்.

மேசையைச் சுற்றிச் சிரிப்பு. அந்தப் பெண் முகம் சிவக்க உட்கார்ந்துவிட்டாள்.

கோடை வந்தது. ஒருநாள் இயந்திரத்தைச் சோதித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணுக்குத் தலைசுற்றியது. இவள்தான் தாங்கிப் பிடித்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அந்தப் பெண் அதை வாய் வரை கொண்டுபோய் இறக்கிவிட்டாள்.

“வேணாம் மேடம். அப்புறம் போகணும்னு தோணும். நீங்க சமாளிக்கிறீங்கல்ல?”

செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. “நான் சமாளிக்கலம்மா. பொய் சொன்னேன்.”

“ஏன் மேடம்?”

“உன்கூடச் சேர்த்து என்னையும் பொம்பளைன்னு நினைச்சிடுவாங்களோன்னு.”

அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த கூட்டத்தில் இவள் எழுந்தாள். பொய்யையும் சொன்னாள், முதுகுவலி எதுவென்றும் சொன்னாள். ஆண்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். “முன்னாடியே சொல்லியிருந்தா அப்பவே கட்டியிருப்போமேம்மா,” என்றார் மேனேஜர்.

ஸ்டோர் அறைக்குப் பக்கத்தில் கழிப்பறை எழுந்தது. திறந்த அன்று பட்டறையைப் பெருக்கும் அம்மா இவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“புண்ணியமாப் போச்சு தாயி. ஆபீஸ் பக்கம் என்னைய விடமாட்டாங்க. இவ்வளவு நாளா மதிலுக்குப் பின்னாடி புதர்தான் எனக்கு. பாம்புக்குப் பயந்துக்கிட்டே போவேன்.”

தினமும் பார்க்கிற முகம். ஒருநாள்கூடக் கேட்கத் தோன்றியதில்லை. கையை விடுவித்துக்கொள்ளவும் முடியாமல், நிமிர்ந்து பார்க்கவும் முடியாமல் இவள் நின்றாள்.