முகத்துவாரம் வெட்டிய காலை

நாலைந்து வருடங்களுக்கு முன், கிறிஸ்து பிறந்த நத்தார்ப் பெருநாளுக்கு மூன்று கிழமை இருக்கையில் நடந்தது இது. கடலை ஒட்டிய நீர்நிலையான நாயாற்றுக் களப்பின் கரையோரம் எங்கள் வயல். கோடையில், களப்பு கடலோடு சேரும் இடத்தை மணல் மூடிவிடும். மாரியில் அந்த மணலை வெட்டி முகத்துவாரத்தைத் திறந்தால்தான் வெள்ளம் கடலுக்கு இறங்கும். இல்லாவிட்டால் களப்பு நிரம்பி எங்கள் வயலுக்குள் ஏறிவிடும்.

அந்த மாரி விடாமல் கொட்டியது. நெல் குடலைப் பருவத்தில் நின்றது. கதிர் இன்னும் தண்டுக்குள்தான். வரம்பு எது வயல் எது என்று தெரியாமல் தண்ணீர் மூடிவிட்டது. இன்னும் இரண்டு நாள் நின்றால் எல்லாம் அழுகிவிடும் என்று சொல்லிவிட்டு என் கணவர் சாப்பிடாமலே படுத்துக்கொண்டார். வருடம் முழுக்கச் சோற்றுக்கு எங்களுக்கு வேறு வழி கிடையாது.

முகத்துவாரத்தை வெட்டுவதென்றால் மீனவர் சங்கம் சம்மதிக்க வேண்டும். இங்கே அதுதான் வழக்கம். அவர்களோ, இப்போது வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். எங்கள் பக்கத்து ஆண்கள், கேட்டது போதும், நாங்களே வெட்டுவோம் என்று மண்வெட்டிகளைத் தூக்கினார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று அவர்களை மறித்துவிட்டு, கணவரை எழுப்பி மோட்டார் சைக்கிளில் மீனவர் சங்கத் தலைவர் வீட்டுக்குப் போனேன். கேட்கப் போனேன் என்பதைவிடச் சண்டைக்குப் போனேன் என்பதுதான் சரி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சாட்சிக்கு நாலு நெற்பயிரையும் பிடுங்கிக் கையில் வைத்திருந்தேன்.

முற்றத்தில் தலைவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். இறங்கியதும் இறங்காததுமாய் நான் பொரிந்து தள்ளினேன். குசினிக்குள் இருந்து அவருடைய மனைவி தேநீரோடு வந்தார். என் வயதுதான் இருக்கும். "முதல்ல இருந்து தேத்தண்ணியைக் குடியுங்கோ அக்கா. பிறகு ஏசுங்கோ" என்றார்.

பிறகு ஒரு சட்டியைக் கொண்டுவந்து காட்டினார். உள்ளே விரல் நகம் அளவில் இறால்கள். "இதுகள் இன்னும் குஞ்சு. இப்ப திறந்தா முழுக்கக் கடலுக்குப் போயிடும். நத்தாருக்கு எங்களுக்கு இதுதான் இருக்கு."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. கையில் இருந்த தண்டைப் பிளந்து உள்ளே இருந்த கதிரைக் காட்டினேன். வெள்ளையாக, பஞ்சுபோல இருந்தது. "இதுவும் குஞ்சுதான்" என்றேன்.

அவர் அதை வாங்கிப் பார்த்தார். பிறகு தன் கணவரிடம், "இஞ்சேருங்கோ, வயித்தில பிள்ளையோட நிக்கிற பயிர். வெட்டிவிடுங்கோ" என்றார்.

தலைவர் எழுந்துபோய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தார். "சங்கத்தாரோட நான் கதைக்கிறன். ஆனா இண்டைக்கு ஏலாது. காத்துக்குக் கடல் ஏறி நிக்குது. இப்ப வெட்டினா உப்புத்தண்ணிதான் உங்கட வயலுக்கு வரும். காத்து விழட்டும், விடிய வெட்டுவம்."

உப்பு ஏறினால் அந்தப் போகம் மட்டுமா, அடுத்த போகமும் போய்விடும். ஆழம் தெரியாமல் காலை விட இருந்தோம். என் கணவர் உடனே தொலைபேசியில் எங்கள் ஆட்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்.

விடிய, கடல் தணிந்திருந்தது. வெட்டும் இடத்தை மீனவர்கள் காட்டினார்கள். இரண்டு ஊர் ஆண்களும் சேர்ந்து வெட்டினார்கள். முதலில் ஓர் ஒடுங்கிய வாய்க்கால்தான். கொஞ்ச நேரத்தில் தண்ணீரே கரையை அரித்து அகலமாக்கிக்கொண்டு ஓடியது. அதோடு இறாலும் போனது. மீனவர்கள் கைகட்டி நின்று பார்த்தார்கள். திறந்த அன்று முகத்துவாரத்தில் யாரும் வலை போடக்கூடாது என்பது அவர்களுடைய கட்டுப்பாடாம்.

தலைவரின் மனைவி என் பக்கத்தில் நின்றார். நன்றி சொல்ல வாயெடுத்தால் அழுகைதான் வந்தது. அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பயிருக்கு மருந்தடிச்ச மெசினை வயல் வாய்க்காலில கழுவுறதை மட்டும் விட்டுடுங்கோ அக்கா. அந்த மருந்து இஞ்ச களப்புக்குத்தான் வந்து சேருது." நாங்கள் எல்லோரும் அங்கேதான் கழுவி வந்தோம். அந்த வாய்க்கால் எங்கே போகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

பள்ளக்காணி அழிந்தது, மேட்டுப் பக்கம் தப்பி விளைந்தது. நெல் வெட்டு முடிந்ததும் புது அரிசியோடு அவர் வீட்டுக்குப் போனேன். அந்த வருடம் நத்தாருக்கு அந்த வீட்டில் ஒருவருக்கும் புது உடுப்பு இல்லை என்பதை அவர் சொல்லவில்லை. அவர்களின் பக்கத்து வீட்டுப் பெண்தான் சொன்னார்.

இப்போது மாரிக்கு முன்னமே மீனவர் சங்கமும் எங்கள் விவசாயிகள் சங்கமும் கூடிக் கதைக்கின்றன. களப்பில் ஒரு கம்பு நட்டிருக்கிறோம். தண்ணீர் அதிலுள்ள குறியைத் தொட்டால் வெட்டலாம் என்பது இரு பகுதியும் ஒத்துக்கொண்ட பேச்சு. வாய்க்காலில் யாராவது மெசின் கழுவினால் என்னிடம் நல்லாய் வாங்கிக் கட்டுவார்கள். அன்று அந்த முகத்துவாரத்தால் ஓடியது அவர்களின் நத்தார் என்று தெரிந்த பிறகு, எங்கள் வயலில் விளைந்ததெல்லாம் எங்கள் உழைப்புத்தான் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.