பூட்டிய கோட்டை வாசலில் என் மைத்துனன்

ஐரோப்பாவில் கோட்டைகளையும் பழைய நகரங்களையும் ஒரே வாரத்தில் பார்த்துவர, இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து நான்தான் திட்டம் போட்டேன். சிதம்பரத்திலிருந்து மஞ்சக்குப்பத்தில் என் வீட்டுக்கு வந்து அதை வாங்கிப்போன மைத்துனன், மறுவாரம் போன் செய்தான்.

"மாமா, அந்தக் குளிரு உங்களுக்கு ஒத்துக்காது. நாங்க மட்டும் போறோம். நீங்க போட்ட தேதி அஷ்டமி, ஒரு நாள் தள்ளி டிக்கெட் போட்டுட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு நாள் தள்ளினால், பெரிய கோட்டைக்குப் போவது திங்கட்கிழமை. அன்று அங்கே விடுமுறை. வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, "நல்லா பாத்துட்டு வாங்க" என்றேன்.

திரும்பி வந்து போட்டோ காட்டினான். பூட்டிய வாசல் முன் குடும்பமே உம்மென்று நின்றது. ஆசை தீரப் பார்த்தேன்.

இப்போதும் யார் கேட்டாலும் திட்டம் போட்டுத் தருகிறேன். விடுமுறை நாளை மட்டும், என்னையும் கூட்டிப்போகிறவர்களுக்குத்தான் சொல்கிறேன்.