ஃபேன் சத்தம்

தொண்ணூறுகளின் கடைசியில் பீளமேட்டில் பொறியியல் இறுதியாண்டு படித்தேன். நான் மைக்கில் சொல்லும் எண்ணைப் புரிந்துகொண்டு திரையில் காட்டக் கம்ப்யூட்டரைப் பழக்குவதுதான் என் ப்ராஜெக்ட். குரலைப் பதிவு செய்தபோது லேப் அட்டெண்டர் பழனிச்சாமி அண்ணன், "ஃபேன் சத்தமும் மைக்குல உழுகுமுங்க அம்மணி, நிறுத்தட்டுங்களா?" என்றார்.

"வேர்த்துக் கொட்டுது. உங்க வேலையைப் பாருங்கண்ணா" என்று எரிந்து விழுந்தேன்.

தேர்வன்று, வெளிக் கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர் அமைதி வேண்டுமென்று ஃபேனை நிறுத்தச் சொன்னார். "மூன்று" என்றேன், திரையில் எட்டு வந்தது. "ஐந்து" என்றேன்; மறுபடியும் எட்டு. தேர்வாளர் மதிப்பெண் போடப் பேனாவைத் திறந்தார்.

வாசலில் நின்ற அண்ணன் உள்ளே வந்தார். "ஏனுங்க சார், ஃபேன் ஓடறப்பத்தானுங்க அம்மணி இதைப் பழக்கீட்டிருந்துச்சு. போட்டுப் பாக்கட்டுங்களா?"

ஃபேன் சுழன்றது. "மூன்று" என்றேன். மூன்றே வந்தது. என் குரலோடு அந்த இரைச்சலையும் சேர்த்தே கம்ப்யூட்டர் பழகியிருந்தது.

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில், மைக் இரவல் தந்த தோழிவரை எல்லோருக்கும் நன்றி சொல்லியிருந்தேன். அண்ணன் பெயர் மட்டும் இல்லை. பைண்ட் செய்த அந்த ரிப்போர்ட் இன்னும் என்னிடம் இருக்கிறது. நன்றிப் பக்கத்தை மட்டும் நான் திறப்பதில்லை.