அப்பா கிளப்பிவிட்ட வாத்துகள்

"அம்மா, வாத்து!" என்று பக்கத்தில் ஒரு சின்னப் பெண் கத்தியதும் மொத்த ஏரியும் எழுந்து பறந்தது. அந்தச் சிறகோசை என்னை அப்பாவிடம் இழுத்துப்போனது.

பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் ஓட்டிக் காது மந்தமான மனுஷன். ரகசியம் பேசினாலே தெருவுக்குக் கேட்கும். டிசம்பர் ஞாயிறுகளில், அந்துருண்டை மணக்கும் ஸ்வெட்டரோடு இதே கரைக்கு வருவோம். அம்மா அவர் வாயில் பெப்பர்மின்ட் போடுவாள்.

"கரையுற வரைக்கும் வாயத் தெறக்காதய்யா. புள்ள ஒழுங்கா பாக்கட்டும்."

அப்பா அதை நறுக்கென்று கடித்து விழுங்கிவிட்டு, "டேய், அதோ பாருடா வாத்து!" என்பார். அவ்வளவுதான், எல்லாம் காலி. பறக்கிற முதுகுகளை மட்டுமே பார்த்து வளர்ந்தேன்.

அப்பா போனபிறகு, நீரில் அமர்ந்திருக்கும் வாத்துகளை ஆசைதீரப் பார்த்தாயிற்று.

"சாரிங்க," என்றாள் அந்தப் பெண்ணின் அம்மா.

"பரவால்லங்க. திரும்ப வந்து உக்காரட்டும், இன்னொரு வாட்டி கத்தச் சொல்லுங்க."