எழுதிக் கேட்டால் தரப்படும்

எங்கள் கட்டிடத்தின் மூன்றாவது மாடிக்காரருக்குக் 'கேட்டால் தருவார்' என்று பெயர் வைத்தது நான்தான். தையல் மெஷின் கம்பெனியில் முப்பது வருடம் பயனர் கையேடு எழுதியவர். ஓய்வு பெற்றதும், பழைய மெஷின்களைப் பழுதுபார்க்க இருநூறு பக்கத்தில் சொந்தமாக ஒரு புத்தகம் எழுதினார். யாரும் நகலெடுக்கலாம், திருத்தலாம் என்று விட்டுவிட எண்ணம்.

எந்த உரிமத்தில் விடுவது என்பதிலேயே நான்கு மாதம் போயிற்று. சாப்பாட்டு மேஜை முழுக்க உரிமப் பத்திரங்கள். தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிட்டார். ஒன்று, திருத்தியவர் அதே உரிமத்தில் வெளியிட்டால் போதும், கணினியில் திருத்தக்கூடிய மூலக்கோப்பைத் தர வேண்டாம் என்றது. இன்னொன்று, நூறு பிரதியைத் தாண்டினால் அந்தக் கோப்பையும் கூடவே கொடு, இல்லையென்றால் இணையத்தில் வை என்றது. மூன்றாவது மென்பொருளுக்காகப் பிறந்தது. கேட்பவருக்குக் கோப்பைத் தருகிறேன் என்று எழுத்தில் வாக்குக் கொடுத்தாலும் சரி என்றது.

மூன்றாவதைப் பிடித்துக்கொண்டார்; 'எழுதிக் கேட்டால் தரப்படும்' என்று மெயில் முகவரியோடு புத்தகத்தில் அச்சடித்தார். பார்க்க வந்த தங்கைக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்ணா, ஒரு லிங்க் போட்டா முடிஞ்சுது. ஒவ்வொருத்தரும் உனக்கு மெயில் எழுதிக் கெஞ்சணுமா?"

"கெஞ்ச வேணாம். கேட்டா போதும்."

"உனக்கு வேற வேலை இல்ல."

"இல்லதான்."

மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடம். மகன் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். மாத்திரை போட்டீங்களா என்பதோடு சரி.

மெயில்கள் வந்தன. சிறைச்சாலையில் தையல் கற்பிக்கும் ஒருவர் கேட்டார். ஒரு பெண், "மாமியார் விட்டுட்டுப் போன மெஷின், அவங்களைவிட அதிகமா கத்துது" என்று எழுதினாள். கோப்பை அனுப்ப ஒரு நிமிடம் போதும். இவரோ, என்ன மெஷின், எந்தப் பக்கம் சத்தம், யார் தைத்தது என்று பக்கம் பக்கமாக விசாரிப்பார். அப்படி உட்கார்ந்ததில் நாற்காலி வேர் விட்டுத் தளிரும் விட்டது. இரண்டு இலை நானே கிள்ளினேன்.

இரண்டாவது வருடம் மெஷின் பழுதுபார்க்கும் ஒரு பெண் கேட்டாள். அனுப்பினார். மறுநாளே பதில்.

"ரொம்ப நன்றி சார். ஆளாளுக்கு எழுதி உங்களைத் தொந்தரவு பண்ண வேணாம்னு, கோப்பை எங்க இணையதளத்துல எல்லாருக்குமா போட்டுட்டேன். உரிமம் அனுமதிக்குதே."

அனுமதித்தது. உரிமத்தின் அந்த வரியை அவர் எத்தனை முறை படித்துத் தேர்ந்தெடுத்திருந்தார்.

அந்த மாதம் மூன்று மெயில். அடுத்த மாதம் ஒன்று. அப்புறம் மின்கட்டண நினைவூட்டல் மட்டும்.

ஒருநாள் அவள் தளத்துக்குப் போனார். ஊசியைத் தாங்கும் கம்பி பற்றிய அத்தியாயத்தை அவள் மாற்றி எழுதியிருந்தாள்; அவருடையதைவிடத் தெளிவாக. முகம் மலர்ந்துவிட்டது. உரிமப்படி, மாற்றியவள் மாற்றியதன் மூலக்கோப்பைத் தர வேண்டும் அல்லவா? கேட்கலாமே. 'வணக்கம் அம்மா, நலமா' என்று தொடங்கி, எந்த மெஷினில் சோதித்தீர்கள், கற்றுக்கொடுத்தது யார் என்று அரைப் பக்கம் எழுதிவிட்டார்.

பிறகு அத்தியாயத்தின் தலைப்பைச் சரிபார்க்கத் தளத்தின் பக்கத்தைக் கீழே தள்ளினார். கடைசி வரியில் மூலக்கோப்பு இருந்தது. படங்கள், அளவுகள், சோதித்த மெஷின்களின் பட்டியல், எல்லாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒருமுறை அழுத்தினால் இறங்கிவிடும்.

அழுத்தினார். இறங்கியது.

எழுதிய அரைப் பக்கத்தை அழித்து, "கிடைத்தது" என்று மட்டும் எழுதி வைத்துக்கொண்டு, அனுப்புவதா வேண்டாமா என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.