ரிப்போர்ட்டைப் பார்த்துத் திருப்தியடையாத டாக்டர் வசந்தா

"டாக்டர் காலைல நெஞ்சு வலின்னாங்க மேடம், ஆஸ்பத்திரி போறதுக்குள்ள போயிட்டாங்க." டாக்டர் வசந்தாவின் கிளினிக் நர்ஸ் போனில் சொன்னபோது நான் லேபில் மைக்ராஸ்கோப்பின் முன் இருந்தேன். வெளியே ரிப்போர்ட்டுக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். உட்கார்ந்து அழக்கூட விடாத தொழில் இது. கையிலிருந்ததை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

தேவராஜ மொஹல்லா என்ற எங்கள் பேட்டையில் கீழே அவர் கிளினிக், மாடியில் என் லேப். காய்ச்சலென்றால் இங்கே ஜனங்கள் முதலில் லேபுக்குத்தான் வருவார்கள். ரத்தத்தில் வெள்ளை அணுக் கவுண்ட் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டாக்டர் வேண்டுமா என்று முடிவு செய்வார்கள். இந்த வழக்கத்தோடு வசந்தா மல்லுக்கட்டியது அவரை அறிந்த எல்லோருக்கும் தெரியும்.

ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு சாப்பிடும் மேஸ்திரி ஒருவர், "கவுண்ட் ஜாஸ்தியா இருக்கு, ஊசி போடுங்க" என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"காய்ச்சல் இல்ல, சளி இல்ல, நல்லா பசிக்குதுங்கறீங்க. அந்த மாத்திரையே கவுண்ட்டை ஏத்தும். ஊசி எதுக்கு?" என்றார் வசந்தா.

மனிதர் வேறிடத்தில் போய் ஊசி போட்டுக்கொண்டார். வசந்தா மாடியேறி வந்து, "அலுத்துப்போச்சுடி எனக்கு" என்று என் நாற்காலியில் சாய்ந்தார்.

நஞ்சன்கூட்டிலிருந்து வயதான அம்மாள் ஒருவரை மகன் கூட்டிவந்தார். கவுண்ட் நார்மல். நிம்மதியாகக் கிளம்பியவரை வசந்தா வாசலில் மறித்தார்.

"ஸ்வல்ப இருங்க, கொஞ்சம் நில்லுங்க. நம்பரை விடுங்க, அம்மாவைப் பாருங்க. மூச்சு வாங்குது, கூப்பிட்டா பதில் இல்ல. வயசானவங்களுக்கு இன்ஃபெக்‌ஷன் முத்தினாலும் சில சமயம் கவுண்ட் ஏறாது. இப்பவே ஆஸ்பத்திரில சேருங்க."

"ரிப்போர்ட்லயே நார்மல்னு இருக்கே டாக்டர்" என்று சொல்லிவிட்டு மகன் போய்விட்டார்.

மறுநாள்தான் சேர்த்தார்கள். அம்மாள் பிழைக்கவில்லை. அந்த மகன் திரும்பி வந்து என் லேபில் கத்தியபோது வசந்தா மேலே வந்தார். "லேப் எண்ணினது சரிதாம்பா. எண்ணிக்கைக்கு அவ்வளவுதான் தெரியும்" என்று அவரை உட்காரவைத்து டீ வாங்கிக்கொடுத்தார். அவர் போனபிறகு, "திட்டி என்ன ஆகப்போகுது, பெத்தவளை இழந்துட்டு நிக்கறான்" என்றார். கத்தினவனுக்கு டீ வேறா என்று எனக்கு அப்போது வசந்தாமேல் எரிச்சல்தான் வந்தது.

நேற்று ஒரு பெண் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, "நார்மல்தானே மேடம், அப்பாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாமா?" என்றாள். கீழே கிளினிக் பூட்டிக்கிடந்தது. ரிப்போர்ட் கொடுத்தபின் எழுந்துபோய் ஆளைப் பார்ப்பது, வசந்தாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். போனேன். பெஞ்சில் சாய்ந்திருந்த பெரியவரின் கையைத் தொட்டேன். சில்லென்றிருந்தது; மூச்சு வேகமாக வாங்கியது.

"வீட்டுக்கு வேண்டாம்மா" என்று ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்க நானே தெருவுக்கு இறங்கினேன்.